மீந்த மருந்து

மரம் எப்போது குடிக்கும், எப்போது குடிக்காது என்று யாராவது கேட்டால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். கேட்டவர் எழுந்து போன பிறகும் பேசுவேன். இந்தப் பேச்சு தொடங்கினாலே என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். அதற்குக் காரணம் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தோட்டம் பரமத்தி வேலூருக்கும் ஜேடர்பாளையத்துக்கும் இடையில் இருக்கிறது. இரண்டு ஏக்கர் வாழை, முப்பத்தெட்டுத் தென்னை. வீட்டை ஒட்டி ஒரு குட்டை ரகத் தென்னை தனியாக நிற்கிறது. அதை நாங்கள் அந்த முப்பத்தெட்டில் சேர்ப்பதில்லை, அது வீட்டு மரம். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் முழுக்க அதன் காலடிக்குத்தான் போகும். தரையில் நின்றபடியே அரிவாளை நீட்டிக் காயை அறுத்துவிடலாம். சூடு பிடித்தாலும், வயிறு கெட்டாலும், விருந்தாளி வந்தாலும் அந்த மரத்துக்குத்தான் போவோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பங்குனியில் தோப்புக்குள் கருந்தலைப் புழு இறங்கியது. ஓலையின் அடியில் உட்கார்ந்து பச்சையைச் சுரண்டித் தின்கிற புழு. முதலில் கீழ் மட்டைகள் பழுப்பேறின. வெயில் என்று நினைத்தேன். சித்திரை பிறந்தபோது பாதி மரங்கள் தீயில் வாட்டியெடுத்ததுபோல் நின்றன. எங்களுக்கு மேற்கே இருந்த தோப்பை அதன் சொந்தக்காரர் புல்டோசர் வைத்துச் சாய்த்துவிட்டார். அந்தச் சத்தம் இரண்டு நாள் கேட்டது. நான் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பேன், சாப்பிடத் தோன்றாது. அந்த மரங்களை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும் என்ற பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். நாயைத் திட்டினேன், மோட்டாரைத் திட்டினேன், உப்பு குறைந்ததற்கு மனைவியைத் திட்டினேன்.

அறுபது அடி மரத்துக்குத் தெளிப்பு மருந்து எட்டாது. வேரில் கட்டுவது ஒன்றுதான் வழி. மரத்திலிருந்து மூன்றடி தள்ளித் தோண்டி, பென்சில் தடிமனில் சிவப்பாக ஓர் உயிர்வேரைத் தேடிப் பிடித்து, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்து ஊற்றிய, குச்சி ஐஸ் அடைக்கிற சின்ன பிளாஸ்டிக் கவருக்குள் அதை நுழைத்து, வாயை வாழைநாரால் கட்டி மண்ணை மூடிவிட வேண்டும். மற்றதை மரம் பார்த்துக்கொள்ளும். உறிஞ்சி, உச்சி ஓலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

முதல் தடவை நான் கட்டியது விடியற்காலையில், அதுவும் தோப்புக்கு நன்றாகத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு. வாழைக்காரன் புத்தி. வாழையில் காலைக் குளிர்ச்சியில் பூவை ஒடித்தால் பால் சொட்டுச் சொட்டாக ஊற்றும், சட்டை தாங்காது. உச்சி வெயிலில் ஒடித்தால் நாலு சொட்டோடு நின்றுவிடும். ஆகவே மரத்துக்குள் ஓட்டம் குளிர்ச்சியில்தான் அதிகம் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். மூன்று நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் கவர்கள் கட்டியது கட்டியபடி இருந்தன.

வேளாண்மை ஆபீஸிலிருந்து வந்த அம்மா சிரிக்காமல் எடுத்துச் சொன்னார்.

"வாழையில பால் ஒழுகறது வேறங்கண்ணா, தென்னை உறிஞ்சறது வேறங்க. ஓலை வெயில்ல காயணும். அப்பத்தான் மேல தண்ணி பத்தாம கீழ இருந்து இழுக்கும். மோடம் போட்டா இழுக்காது, காலுக்கடியில ஈரம் இருந்தாலும் இழுக்காது. நாலு நாளைக்குத் தண்ணிய நிறுத்துங்க. நல்ல வெயில் பாத்து, பத்து மணிக்கு மேல கட்டுங்க."

போகும்போது வண்டியை நிறுத்தி இன்னொன்றும் சொன்னார்.

"அதுக்கு முன்னால காயெல்லாம் எறக்கிருங்க. கட்டுன பொறவு நாப்பத்தஞ்சு நாளைக்கு எளநி கிளநின்னு எதையும் தொட்றாதீங்க. மருந்து காய்க்கும் போவுமுங்க."

கத்திரி வெயிலுக்காகக் காத்திருந்தேன். தோப்புக் காயை இறக்கிவிட்டுத் தண்ணீரை நிறுத்தினேன். கத்திரியில் தென்னைக்குத் தண்ணீரை நிறுத்துவது பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுவதுபோல. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, பக்கத்திலேயே என் மரங்கள் காய்கின்றன, நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை. வேர் தோண்ட ஓர் ஆளை வைத்துக்கொண்டு, மருந்தை நானே அளந்து ஊற்றி நானே கட்டினேன். முப்பத்தெட்டாவது மரத்தை மூடியபோது மணி ஒன்று. ஆளை அனுப்பிவிட்டேன். வாளியின் அடியில் கொஞ்சம் மருந்து மீந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் மீந்ததைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. வீட்டுக்கு அடித்து மீந்த பெயிண்ட்டை ஆட்டுப்பட்டிக் கதவுக்கு அடிப்போம். மீந்த சிமெண்ட் கலவையைத் துணி துவைக்கிற கல்லுக்குப் பூசுவோம். மீந்த மருந்தை என்ன செய்வது? வாய்க்காலில் ஊற்றினால் பாவம், வைத்திருந்தால் கெட்டுவிடும். வீட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தேன். இரண்டு கீழ் மட்டைகள் லேசாக வெளுத்த மாதிரி இருந்தன. வெளுக்கவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. வருமுன் காப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு வேரைத் தோண்டி, வாளியில் இருந்ததை அப்படியே ஒரு கவரில் கவிழ்த்துக் கட்டினேன். அளக்கவில்லை.

மனைவி அப்போது ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து மூன்று பேஸ் கரண்ட் வந்தது, வாழைக்குத் தண்ணீர் விட ஓடிவிட்டேன். சாயங்காலம் ஞாபகம் வந்தது. சொன்னால் "ஊட்டு மரத்துக்குப் போயி ஏனுங்க கட்டுனீங்க" என்று பிடித்துக்கொள்வாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

ஆனால் அன்று மத்தியானம் இரண்டு மணிக்கே, சீவிய வேர் இழுக்கத் தொடங்கும் முன்பே, வானம் மூடிக்கொண்டது. வங்கக்கடலில் தாழ்வு நிலை என்று போனில் வந்தது. கத்திரியில் எவனாவது மழையைத் திட்டுவானா? நான் திட்டினேன். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஒரே மூட்டம். பெரிய மழையும் இல்லை, நசநசவென்று தூறல், காற்றிலும் ஈரம். ஊரே குளுகுளுவென்று இருக்கிறது, டீக்கடையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் தோப்புக்குள் மண்டியிட்டு, மண்ணை விலக்கி, கவரை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டு திரிகிறேன். எல்லாம் கட்டியபடியே கனமாக இருந்தன. மேலே புழு தின்றுகொண்டிருந்தது. சீவிய வேர் நாள்பட்டால் அடைத்துக்கொள்ளும், அப்புறம் வெயில் வந்தும் பயனில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோப்பு நடுவில் நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி வானத்தைத் திட்டிவிட்டு அழுதேன்.

வீட்டு மரத்தின் விஷயத்தை அந்த மூன்று நாளும் சொல்லவில்லை. தோப்பு மரமே குடிக்கவில்லை, ஈரத்தில் நிற்கிற வீட்டு மரமா குடிக்கப்போகிறது, இதைச் சொல்லி ஏன் பேச்சு வாங்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு மேகம் விலகியது. ஒன்பதரைக்கெல்லாம் வெயில் முதுகைச் சுட்டது. பத்தரைக்கு முதல் மரத்தின் கவரைத் தொட்டேன், தொளதொளவென்று இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு மரத்தில் கவரின் மேல்பாதி வேரோடு ஒட்டிப்போயிருந்தது. என் கண்ணெதிரே மரங்கள் குடித்துக்கொண்டிருந்தன. நான் சத்தமாகச் சிரித்தேன். குடி சாமி, குடி என்று ஒவ்வொரு மரத்தையும் தட்டிக் கொடுத்துக்கொண்டே போனேன். அந்த வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

பதினொன்றரைக்கு, இந்தச் சேதியைச் சொல்லத்தான் வீட்டுக்கு வேகமாக வந்தேன். வாசலில் சீவிய இளநீர்க் கூடு ஒன்று கிடந்தது.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வியாழக்கிழமை ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தவளுக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து வயிற்றுப்போக்கு. உப்பு சர்க்கரைத் தண்ணீரும் கஞ்சியும் மனைவி கொடுத்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், தோப்பு ஞாபகத்தில் காதில் வாங்காமல் இருந்தேன்.

"ஏம்புள்ள, இது எந்த மரத்துக் காயி?"

"நம்மூட்டு மரந்தானுங்க. தோப்புலதான் கை வெக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே. பாப்பாளுக்கு வகுறு நிக்கவே மாட்டீங்குது, அதான் வெட்டிக் குடுத்தேன். குடிச்சதும் வாந்தி எடுத்துட்டா."

அப்புறம் நான் கத்தியது வாய்க்கால் வரைக்கும் கேட்டிருக்கும்.

"எத்தன குடுத்த? எத்தனைன்னு சொல்லு!"

"ஒன்னுதானுங்க. ஒன்னே ஒன்னுதான்."

வீட்டு மரத்தின் அடிக்கு ஓடிக் கையாலேயே மண்ணைப் பறித்தேன். கவர் வந்தது. உள்ளே மருந்து இருந்தது. எவ்வளவு? கட்டியபோது இருந்த அளவா, குறைந்ததா? அமுக்கிப் பார்த்தேன். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மற்ற முப்பத்தெட்டுக்கும் சொட்டுக் கணக்காக அளந்து ஊற்றியவன், இதற்கு மட்டும் வாளியைக் கவிழ்த்திருந்தேன். மீந்ததை யார் அளப்பார்கள்?

அந்த நேரத்தில் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் அரிவாளால் அந்த வேரை வெட்டினேன். பிறகு தொட்டியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீரை மொண்டு மரத்தடியில் ஊற்றினேன். ஈரம் இருந்தால் இழுக்காது என்று அந்த அம்மா சொன்னதுதான் தலைக்குள் ஓடியது. பிள்ளை குடித்து முடித்துவிட்டாள். நான் மரத்தின் தாகத்தைத் தணித்துக்கொண்டிருக்கிறேன். மனைவி ஓடிவந்து என் கையிலிருந்த கவரைப் பார்த்தாள்.

"இந்த மரத்துக்குமா கட்டுனீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். நான் மருந்துப் பாட்டிலையும் கவரையும் ஒரு தூக்குப்போசிக்குள் போட்டு மாட்டிக்கொண்டேன்.

வேலூர் போகும் வழி முழுக்க இரண்டு பக்கமும் தென்னந்தோப்புதான். வெயில் கொளுத்தியது. நாலு நாளாக எந்த வெயிலுக்காக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேனோ அதே வெயில். மேகம் வா, மேகம் வா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். முதுகுக்குப் பின்னால் மகள் இன்னொரு தடவை வாந்தி எடுத்தாள். அது கல்யாணச் சோறா, என் மருந்தா? இரண்டுக்கும் வாந்தி ஒன்றுதான், போக்கும் ஒன்றுதான். வேலூர் டாக்டர் போசிக்குள் எட்டிப் பார்த்த உடனே ஆம்புலன்ஸில் ஏற்றி நாமக்கல்லுக்கு அனுப்பிவிட்டார்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. வயது முப்பதுக்குள்தான் இருக்கும். என்ன மருந்து, எப்போது கட்டியது, எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று வரிசையாகக் கேட்டார். நான் மரத்துக்கு வக்கீலாகிவிட்டேன். செவ்வாய்க்கிழமை கட்டினேன், அன்றைக்கே மூட்டம் போட்டுவிட்டது, மூட்டத்தில் மரம் இழுக்காது, அதுவும் இது கழுவுகிற தண்ணீரில் நிற்கிற மரம், தாகமே கிடையாது, வீட்டு நிழல் பத்து மணி வரைக்கும் அதன்மேல்தான் இருக்கும், அது குடித்திருக்காது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தோப்பு மரங்களின் தொளதொளத்த கவர்கள் விரலில் உறுத்தின. அவற்றை டாக்டரிடம் சொல்லவில்லை. பிறகு பொறுக்க முடியாமல் அதையும் சொன்னேன்.

"குடிச்சுதா இல்லையான்னு மரத்தக் கேக்க முடியாதுங்க" என்றார் அவர். "பாப்பாவத்தான் பாக்கணும். எத்தன இளநி குடிச்சா?"

"ஒன்னு" என்று நான்தான் சொன்னேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். மகளின் வயிற்றைக் கழுவினார்கள். நடைபாதையில் நின்றபடி நான் மனைவியைப் பிடித்துக்கொண்டேன். கேட்காமல் ஏன் வெட்டினாய், ஒரு வார்த்தை போன் பண்ணியிருக்கக் கூடாதா, கண் எங்கே போயிற்று என்றெல்லாம் கத்தினேன். தப்பு முழுக்க என்னுடையது என்று தெரிந்துதான் கத்தினேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு என்னைத் தாண்டி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கூப்பிடாமலே போகிறாளே என்று அதற்கும் கோபப்பட்டேன்.

அரை மணிக்கு ஒரு தடவை நர்ஸ் மகளின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். மருந்து உள்ளே போயிருந்தால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குமாம், எச்சில் ஒழுகுமாம், வேர்த்துக் கொட்டுமாம். மகளுக்கு வேர்த்தது. பயத்தில் வேர்க்கிறதா, வார்டு புழுக்கத்தில் வேர்க்கிறதா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் ஜன்னலருகே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயில், துளி மேகமில்லை. என் மகளின் உயிர், காலை ஒன்பதரைக்கும் அவள் குடித்த நேரத்துக்கும் நடுவில் ஒரு தென்னைக்குத் தாகம் எடுத்ததா இல்லையா என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் தென்னை வைத்திருக்கிறேன். அதைச் சொல்ல நர்ஸின் டார்ச்சைத்தான் நம்பி நின்றேன்.

அன்று ராத்திரியைப் பற்றி எழுதப் போவதில்லை. மறுநாள் மத்தியானம் டாக்டரம்மா கண்ணைப் பார்த்துவிட்டு, நாடியைப் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லா இருக்குது. இது வயித்து நோவுதான் போல, இருந்தாலும் இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்" என்றார். நான் அவர் காலில் விழப் போனேன். அவர் நகர்ந்துகொண்டார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

தோப்புக்குப் போய்ப் பார்த்தேன். முப்பத்தெட்டுக் கவரும் சொட்டு மிச்சமில்லாமல் வறண்டிருந்தன. ஆடியில் பச்சை மட்டை விரிந்தது. நான்கு மரம் போய்விட்டது, மீதி பிழைத்துக்கொண்டது. வேளாண்மை ஆபீஸ் அம்மா வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. வீட்டு மரத்தின் காய்களை நாற்பத்தைந்து நாள் கழித்தும் யாரும் தொடவில்லை. அவையாகவே முற்றி விழுந்தன.

ஆனால் இதை எழுத வைத்தது அதுவல்ல. வீட்டுக்கு வந்த அந்த வாரத்திலேயே, மறுபடி காட்ட வரச் சொன்ன தேதியைப் பார்ப்பதற்காக ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிரித்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். இளநீர் என்று எழுதியிருந்த இடத்தில் 2 என்று போட்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம். ஒன்றை இரண்டு என்று எழுதியிருக்கிறார்கள், அதற்குத் தக்கபடிதானே பிள்ளைக்கு மருந்து ஏற்றியிருப்பார்கள், இவர்களை நம்பி உயிரைக் கொடுத்தோமே என்று கூடத்தில் நின்று கத்தினேன். நாளைக்கே நாமக்கல் போய் உண்டு இல்லை என்று பண்ணிவிட்டுத்தான் வருவேன் என்றேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

மகள் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் இன்னும் தெளியவில்லை.

"ரெண்டுதானுங்கப்பா குடிச்சேன்" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"மொத காயி வாந்தி வந்துருச்சு. அது பத்தல போலன்னு அம்மா இன்னொன்னு வெட்டிக் குடுத்தாங்க. அந்தக் கூட்டை ஆட்டுப்பட்டிக்குப் போட்டாங்க. டாக்டரம்மாகிட்ட அன்னைக்கே உள்ள வந்து அழுதுட்டே சொல்லிட்டாங்கப்பா. நர்ஸக்காகிட்டயும் சொன்னாங்க."

"எனக்கு ஏஞ்சாமி சொல்லல?"

அவள் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள்.

"நீங்க சத்தம் போடுவீங்கல்லங்கப்பா. உங்ககிட்ட மட்டும் சொல்லீறாதன்னாங்க."